ரத்தப் பரிசோதனைக்கு நல்ல மாதம்

தீபாவளி முடிந்த அதே வாரம், ஒரு காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருமுனை கிளினிக்கில்தான். கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பார்க்க.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நீங்களும் என்னைப்போல் நீரிழிவுக்காரராக இருந்தால் கேட்க மாட்டீர்கள். முறுக்கும் அதிரசமும் ஆட்டிறைச்சிப் பெரட்டலும் வயிற்றை விட்டு முழுசாக இறங்குவதற்குள் எந்தத் தமிழனாவது ரத்தம் கொடுக்கப் போவானா?

டாக்டர் பத்மாவே ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். "சார், தேதி தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

தெரிந்துதான் போனேன். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எனக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதோடு ஒருவழியாகக் குடித்தனம் நடத்தப் பழகிவிட்டேன். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை. கடைக்குப் போனால் 'தே ஓ கோசோங்' — பாலும் கிடையாது, சீனியும் கிடையாது, வெறும் தேநீர். முகம் சுளிக்காமல் அதைக் குடிக்கக் கற்றுக்கொண்டதை என் வாழ்நாள் சாதனைகளில் ஒன்றாகவே கருதுகிறேன்.

இந்த வருஷம் ஆனி மாதத்தில், ஜூன் கடைசியில், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் புதிதாக ஒன்றைத் தொடங்கினார். என்னைவிட ரொம்ப இளையவர். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவர்தான் தலைமையாசிரியை. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்த நான் கடைசி பெஞ்சு.

"சார், கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூட இருக்கு. குறைக்கிற மாத்திரை ஆரம்பிக்கலாமான்னு யோசிங்க."

"கொஞ்சம்தானே டாக்டர்?"

"சுகர் இல்லாதவங்களுக்கு அது கொஞ்சம். சாப்பாட்டைக் குறைங்க, நடங்கன்னு சொல்லி அனுப்பிடுவேன். உங்களுக்கு சுகர் ஏற்கனவே ரத்தக் குழாயைக் கெடுத்துக்கிட்டிருக்கு. கொலஸ்ட்ராலும் சேர்ந்தா மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிதான்."

மாத்திரையில் கெடுதல் உண்டா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. சிலருக்குத் தசை வலிக்குமாம். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அநேகமாக ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியிருக்குமாம்.

அந்த 'ஆயுசுக்கும்' என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவி கமலாவிடம் புலம்பினேன்.

"கல்யாணமும் ஆயுசுக்கும்தான். அதுக்கு இவ்வளவு யோசிச்சீங்களா?" என்றாள்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மா வெந்தயம் என்றார். பாசார்ச் சந்தையில் மீன் விற்கும் அண்ணே பூண்டு என்றார். மீன் விற்பவர் பூண்டைச் சிபாரிசு செய்தது எனக்குப் பிடித்திருந்தது. சுயலாபம் இல்லாத வைத்தியம். இன்னொரு பக்கம், உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் ஈரலே தயாரிக்கிறது என்று டாக்டர் சொன்னது மண்டையைக் குடைந்தது. அப்படியானால் இத்தனை வருஷம் முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கி வைத்தேனே... அந்தத் தியாகம் எந்தக் கணக்கில்?

குழப்பத்தோடு கிள்ளானுக்கு ஒரு போன் போட்டேன், மணியத்துக்கு.

மணியம் என் பழைய நண்பர். லோரி வைத்துத் தொழில் நடத்துகிறார். எனக்குச் சர்க்கரை வந்த அதே வருஷம் அவருக்கும் வந்தது. அதிலிருந்து நட்பு இன்னும் இறுகிவிட்டது. அவருடைய டாக்டரும் அவரிடம் இதே மாத்திரையைச் சொல்லியிருந்தார்.

"அவசரப்படாதீங்க வாத்தியாரே," என்றார் மணியம். "புரட்டாசி வருதுல்ல? முடியற நேரத்துல ரத்தம் கொடுப்போம். அப்புறம் பாருங்க லா."

இது மணியத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நம்மவர் பலருக்குத் தெரிந்த வித்தைதான். புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது. மீன் இல்லை, முட்டை இல்லை. சனிக்கிழமைகளில் ஒரே வேளைச் சாப்பாடு. கடைசிச் சனி முடிந்ததும் போய்க் கையை நீட்ட வேண்டும். ஐப்பசி பிறந்தால் ஆட்டிறைச்சி அடுப்பேறிவிடும். அதற்குள் ரத்தம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சாமிக்கு இருந்த விரதத்தில் கொஞ்சம் லேபுக்கும் போகும்.

அப்படியே செய்தோம். நான் பிரிக்பீல்ட்ஸில், அவர் கிள்ளானில். ரிசல்ட் வந்ததும் போனில் சொல்லிக்கொண்டோம், பந்தாட்ட முடிவைச் சொல்வதுபோல. இருவருக்கும் நன்றாக இறங்கியிருந்தது. அவருக்கு என்னைவிடக் குறைவு. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

டாக்டர் பத்மா அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், அக்டோபர்ல என் கிளினிக்குக்கு வர்ற தமிழங்க எல்லாரும் ஆரோக்கியமா இருக்காங்க. நவம்பர்ல ஒருத்தரும் ரத்தம் கொடுக்க வர்றதில்ல. நானும் வருஷா வருஷம் பார்க்கிறேன்."

நான் கூரையைப் பார்த்தேன்.

"உங்க ரத்தம் வருஷம் பூரா ஓடுது. எனக்கு மட்டும் ஒரு மாசத்தைக் காட்டுறீங்க. கட்டாயப்படுத்த மாட்டேன் சார். உடம்பு உங்களோடது, முடிவும் உங்களோடது."

முடிவு என்னுடையது என்றால் கேட்க வேண்டுமா? மாத்திரை வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். கமலா விடவில்லை. டாக்டர் சொல்வதைக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தாள். அவளிடம் சொல்வதற்கு எனக்கு ஒரே பதில்தான் இருந்தது.

"மணியமே சாப்பிடல. அவரு என்ன விவரம் தெரியாத ஆளா?"

அவள் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விடுவாள். மணியத்தின் மேல் அவளுக்கு மரியாதை அதிகம்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மணியத்தின் மனைவி லெட்சுமி போன் செய்தார். மணியத்துக்கு மாரடைப்பு. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்களாம், உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டதாம். உடனே கிள்ளானுக்குக் கிளம்பினேன். பெடரல் ஹைவேயில் பண்டிகைக் கூட்டம். கார் ஊர்ந்தது. அன்றைக்கு நான் யாரையும் முந்தவில்லை, யார்மேலும் ஹார்ன் அடிக்கவில்லை. பயந்துபோயிருந்தேன்.

மணியம் படுத்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. வாய் மட்டும் பழைய வாய்.

"வலிக்கவே இல்ல லா வாத்தியாரே. லோரியில சாமான் ஏத்திக்கிட்டிருந்தாங்க, பார்த்துக்கிட்டு நின்னேன். சும்மா வேர்த்துச்சு. மயக்கமா வந்துச்சு. சுகர் எறங்கிடுச்சுன்னு நெனச்சி ஒரு மிட்டாய எடுத்து வாயில போட்டேன். அது கரையறவரைக்கும் உக்காந்திருந்தேன். சரியாவல. இன்னொண்ணு போட்டேன்."

நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மனிதர் மிட்டாய் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா? சர்க்கரைக்காரன் எவனும் அதைத்தான் செய்திருப்பான். என் சட்டைப் பையிலும் இரண்டு மிட்டாய் எப்போதும் இருக்கும். எங்களுக்கு மாரடைப்பு சில சமயம் வலியே இல்லாமல் வரும் என்று டாக்டர் முன்பு சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வலித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே நானும் இருந்தேன்?

வார்டுக்கு வெளியே லெட்சுமி நின்றிருந்தார். அழுது முடித்த முகம்.

"அந்த மருந்தைச் சாப்பிடுங்கன்னு நானும் சொல்லிப் பார்த்தேன் அண்ணே. கேட்டாத்தானே? 'வாத்தியாரே சாப்பிடல, படிச்ச மனுஷன், அவருக்குத் தெரியாததா'ன்னு சொல்லி என் வாயை அடைச்சிட்டாரு."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் நான் மணியத்தைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் அவர் என்னைக் காட்டியிருக்கிறார். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டால், முன்னால் நிற்பது யார்?

லெட்சுமியிடம், கொண்டுபோன பிளாஸ்கைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தீபாவளி வந்தது. எப்போதும் சாப்பிடுவதுபோலவே சாப்பிட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிறகுதான் போய் டாக்டர் முன்னால் கையை நீட்டினேன். ரிசல்ட்டைப் பார்த்தால்... ஐப்பசி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

"இதுதான் டாக்டர் என் உண்மையான நம்பர்," என்றேன், கொஞ்சம் நாடகமாகவே.

"இல்ல சார். இது தீபாவளி நம்பர். அது புரட்டாசி நம்பர். ஜூன்ல எடுத்தோமே, அதுதான் உங்க நம்பர். அன்னைக்கே அது தெரிஞ்சதுதான்."

மணியத்தைப் பற்றிச் சொன்னேன். மாத்திரை சாப்பிட்டிருந்தால் அவருக்கு இது வந்திருக்காதா?

"அப்படிச் சொல்ல மாட்டேன். ஒரு ஆளுக்கு வருமா வராதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆபத்து குறையும். அவ்வளவுதான் சொல்ல முடியும். உங்களுக்கு சுகர் இருக்கு, வயசும் இருக்கு, குறைக்கிறது லாபம்னு நான் நினைக்கிறேன். தசை வலிச்சா உடனே வாங்க, யோசிப்போம்."

அவர் சத்தியம் செய்து கொடுத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். 'அவ்வளவுதான்' என்று சொன்னதால் நம்பிக்கை வந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து கால் வலிக்கிறதா என்று கவனித்து வருகிறேன். வலிக்கிறது. ஆனால் மாடிப்படி ஏறினால் இத்தனை வருஷமாக வலிக்கும் அதே முழங்கால்தான். அதன் பழியை மாத்திரை மேல் போட முடியாது.

நேற்று மணியம் போன் செய்தார். வீட்டுக்கு வந்துவிட்டாராம். குரல் மெலிந்திருந்தது.

"வாத்தியாரே, அந்த மருந்து... ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஆரம்பிச்சிட்டேன்."

உடனே, பக்கத்தில் நிற்பவரிடம் அவர் சொல்வது கேட்டது: "லெட்சுமி, அந்த மாத்திரைய எடுத்துட்டு வா. வாத்தியாரே சாப்பிடுறாராம்."

அடுத்த புரட்டாசிக்கும் விரதம் உண்டு. ரத்தம் மட்டும் ஆனியில்.