காலி செய்யாத பங்களா

என் கணவருக்குப் பங்களா வாங்கிக் கொடுத்தவள் நான்தான். மூன்று நாள் அது அவர் பெயரில் இருந்தது. மைன்ஸில் அவர் ஆபரேட்டர். கொஞ்சம் பெரிய குவார்ட்டர்ஸ் கேட்டு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காக வரிசையில் நிற்கிறவர்.

நான் ஒரு சின்ன கம்பெனிக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். அப்போது எழுதியது அவருடைய மைன்ஸுக்கே வீடு ஒதுக்கும் மென்பொருள். அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் ஒரு பொய் ஆளைத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். முடிந்ததும் அந்த ஆளை அழித்துக் காலி செய்ய வேண்டும். பொய்ப் பெயர் யோசிக்கச் சோம்பல். முந்தின நாள் சண்டை வேறு. அவர் பெயரையே ஊழியர் எண்ணோடு போட்டேன். பங்களா பெரிய அதிகாரிகளுக்கு மட்டும்தான்; ஆபரேட்டர் கேட்டால் நிரல் மறுக்கிறதா என்பதுதான் சோதனை.

மறுக்கவில்லை. தாராளமாகக் கொடுத்துவிட்டது. சோதனை அந்த இடத்திலேயே தோற்று நின்றது. காலி செய்யும் வரியை நான் கடைசியில் எழுதியிருந்தேன்; அந்த வரிவரை சோதனை போகவே இல்லை. அன்று சனிக்கிழமை; திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மடிக்கணினியை மூடிவிட்டேன்.

திங்கட்கிழமை எங்கள் கம்பெனிக்காரர்கள் என்னை முந்திக்கொண்டார்கள். அதே தரவுத்தளத்தைத் திறந்து, மைன்ஸில் வீடு ஒதுக்கும் அதிகாரிக்குத் திரையில் காட்டினார்கள். கணவரின் மனு அந்த அதிகாரியின் மேஜையில்தான் இருந்தது.

ஷிப்ட் முடிந்து வந்தவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வூட்டம்மாவ வச்சி கம்ப்யூட்டர்ல பூந்துட்டியான்னு அதிகாரி கேக்கறாரு. பஸ்ல எல்லாரும் பங்களாக்காரரு பங்களாக்காரருன்னு சிரிச்சிக்கினு வரானுங்க. மனுவத் தள்ளிட்டா என்னா பண்றது?"

குறும்பு செய்தது நான், மாட்டியது அவர்.

மறுநாள் காலை அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தேன். பழைய பதிவைக் கையால் அழித்தேன். காலி செய்யும் வரியைச் சோதனைக்குள்ளிருந்து பிரித்துத் தனியே வைத்தேன். சோதனை ஜெயித்தாலும் தோற்றாலும் இனி அது ஓடியே தீரும். ஓட்டிக் காட்டினேன். பங்களாவைத் தூக்கிக் கொடுக்கும் பிழையை இன்னும் திருத்தவில்லை; சோதனை திரையில் சிவப்பாகத் தோற்றது. ஆனால் பங்களா காலியாக இருந்தது.

"சரிம்மா, மனு வரிசையிலயே இருக்கட்டும்" என்றார்.

வீட்டில் சொன்னதும் கணவருக்கு மூச்சு வந்தது. டீயை எடுத்துக் குடித்தார்.

"பங்களாவ அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேங்க."

"அதுல முன்னாடி தோட்டம் இருந்துச்சா?"

நான் வீட்டு எண்ணைத் தவிர வேறெதுவும் எழுதியிருக்கவில்லை.

"பெரிய தோட்டங்க" என்றேன்.