வெள்ளிக்கிழமை வாடகை

போன ஞாயிற்றுக்கிழமை என் கவரைப்பேட்டை வீட்டு வாடகை முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. பழைய பாக்கியும் சேர்த்து!

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அதுதான் இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. மனைவி போன பிறகு பெரம்பூர் வீட்டில் நானும் ரேடியோவும்தான். பிள்ளை குட்டி கிடையாது. ரிட்டயர் ஆனால் வாடகையாவது வரட்டுமே என்று லோன் போட்டு, கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் சின்னதாக ஓர் ஓட்டு வீடு வாங்கினேன். அடிமாட்டு விலை. ஏன் இவ்வளவு மலிவு என்று ஒரு மனுஷன் கேட்க வேண்டாமோ? பத்திரம் பதிந்த பிறகுதான் புரோக்கர் வாயைத் திறந்தார்.

"குடியிருக்கறவங்க தங்கமான மனுசங்க சார். வாடகைதான் கொஞ்சம் பேஜாரு."

அந்தத் தங்கமான மனுஷர்கள் முனுசாமியும் அவன் மனைவி தேசம்மாவும். பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குடும்பம். முனுசாமி வலையை விட்டுவிட்டு கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் சேர்ந்திருந்தான். கம்பெனி பல மாதம் பூட்டிக் கிடந்து அப்போதுதான் திறந்திருந்தது.

நான் வேலை பார்க்கும் அச்சாபீசுக்கு மின்வெட்டினால் வார லீவு ஞாயிறு இல்லை, வெள்ளிக்கிழமை. விறைப்பாகப் போய் நின்று வாடகை கேட்டேன். தேசம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னா நைனா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா டப்பு கேக்கற? ஊட்டு லச்சுமிய யாராச்சும் இன்னிக்கு வெளிய அனுப்புவாங்களா? குந்து, சாப்ட்டுப் போ."

சாக்கு! பல்லைக் கடித்தேன். ஆனால் என்ன பேச முடியும்? என் மனைவியும் வெள்ளிக்கிழமை பால்காரருக்குக்கூடக் காசு கொடுக்க மாட்டாள்.

"சரி, வேற நாள்ல மணியார்டர் பண்ணு."

"புது ஓனரு நீ. மொத வாடகைய கையிலதான் குடுக்கணும். வேற நாளா பாத்து வா."

வேறு நாளுக்கு நான் எங்கே போக? அடுத்த வெள்ளியும் போனேன். அதற்கடுத்த வெள்ளியும்... வாசலில் நின்று ஒரு தடவை வாடகை கேட்பேன். "வெள்ளிக்கெழம நைனா" என்பாள். அதோடு என் கடமை முடிந்தது. அப்புறம் முருங்கைக்கீரையும் சாம்பாருமாகச் சாப்பாடு. மீன்காரர் வீடு, ஆனால் வெள்ளிக்கிழமை ஆனதால் எனக்கு மீன் பிராப்தம் இல்லை! "இன்னா நைனா, சொக்காவுல பட்டன் இல்லாம சுத்திக்கினு கீற?" என்று திட்டிக்கொண்டே தைத்துக் கொடுப்பாள். என்னைத் திட்ட ஓர் ஆள் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த மாதம் வார லீவை ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். போனேன். என்னைக் கண்டதும் தேசம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"யோவ், நைனா ஞாயித்துக்கெழம வந்துகீறாருய்யா!"

உள்ளே ஓடினாள். அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்து, சாமி படத்தின் முன் காட்டிவிட்டு என் கையில் வைத்தாள். மாதா மாதம் எடுத்து வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை என்று சொன்னது சாக்கு இல்லை.

"எண்ணிப் பாத்துக்க நைனா."

எண்ணவில்லை.

முனுசாமிதான் குண்டைப் போட்டான். "எங்களால ரொம்ப அலஞ்சிட்டீங்க சார். மொத வாடகையதான் கையில குடுத்தாச்சே, இனிமே மணியார்டர் பண்ணிடறோம். இம்மாந்தூரம் வராதீங்க. ஊட்லயே நிம்மதியா இருங்க."

நிம்மதியாம்! பெரம்பூர் வீட்டில் அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அன்றைக்குத்தான் மீன் குழம்பு. எத்தனை நாள் ஆசை... பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

குடித்தனக்காரர் வாடகை கொடுக்காவிட்டால் வரும் கஷ்டத்தைப் பற்றி ஊரே பேசுகிறது. கொடுத்துவிட்டால் வரும் கஷ்டத்தை எனக்கு யாராவது சொன்னார்களா?

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையாக மானேஜரிடம் லீவு கேட்டேன்.

"எதுக்கு?"

"கவரைப்பேட்டைக்குப் போகணும் சார். வாடகை கேக்கணும்."

"என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."