செவ்வாய்க் கிரகத்தில் மருந்து அடித்த கதை

போன வாரம் கிருஷ்ணகிரியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. ஏசி ஹாலில் ரோஜா வாசனை ஸ்பிரேயைப் புஸ்ஸென்று அடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மேடையில் என் பழைய ஹெட்மாஸ்டர். இப்போது பெரிய அதிகாரி. மைக்கைப் பிடித்துக்கொண்டு, விஞ்ஞானக் கதைகள் சொல்லி அறிவியல் நடத்துங்கள், பிள்ளைகளின் கற்பனையைத் திறந்துவிடுங்கள் என்கிறார். அந்த வாயால்! பக்கத்து நாற்காலி டீச்சர் கைதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரோஜாவுக்கு வாசனை என்று எவன் சொன்னான்? எங்கள் ஓசூர்ப் பக்கம் பாலிஹவுஸில் வளர்கிற ரோஜாவை மூக்கில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள், ஒன்றும் வராது. நீளக் காம்பும் நிறமும்தான். பிளாஸ்டிக் போட்டு மூடிய அந்தக் குடிலுக்குள் ஒரு வாசனை உண்டென்றால் அது பூச்சிமருந்துதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தேன்கனிக்கோட்டை பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கு நடக்கும்போதே அது என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனக்குக் கொடுத்தது ஒன்பதாம் வகுப்பு. பாதிப் பிள்ளைகளின் வீட்டில் கம்பெனி ஷிப்ட், மீதிப் பேர் வீட்டில் ரோஜாத் தோட்ட வேலை. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ். கடைசி பீரியடில் பாடம் எடுத்தால் தூங்கி வழிவார்கள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் கதை சொல்ல ஆரம்பித்தேன். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பெரிய பாலிஹவுஸ், உள்ளே நம் ஊர்க்காரர்கள் பயிர் வைக்கிறார்கள், இவ்வளவுதான் கதை. நான் அப்படியொன்றும் கதைசொல்லி இல்லை. முதல் வாரமே விண்கலத்துக்கு சடன் பிரேக் போட்டுவிட்டேன். ரோடே இல்லாத இடத்தில் பிரேக் போட்டால் எப்படி நிற்கும் மிஸ் என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள். அதை வைத்தே நியூட்டனை நடத்தி முடித்தேன் என்பது வேறு விஷயம்.

இன்னொரு வாரம் கதையில் செடிக்குப் பூச்சி வந்தது. மருந்து அடித்தார்கள். மஞ்சுளா எழுந்தாள். அவள் அம்மா லட்சுமம்மா பாலிஹவுஸில் பூ அறுக்கிறவர். தோட்டத்து ஷெட்டிலேயே குடியிருப்பு.

"அங்க ஜன்னல் தொறக்க முடியாதே மிஸ். அடிச்ச மருந்து எங்க போவும்?"

எங்கும் போகாது, உள்ளேயே பரவிக்கொண்டிருக்கும் என்றேன். வாயு விரவுவது பற்றிய பாடம் முழுவதும் அன்றைக்கே ஆயிற்று. வகுப்பே கூடி முடிவு செய்தது: கதையில் எல்லோருக்கும் மாஸ்க் கொடுக்க வேண்டும், காற்று சுத்தமாகும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது.

மஞ்சுளா வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அப்படியே சொல்லியிருக்கிறாள். அடுத்த தடவை மருந்து அடித்ததும் சூப்பர்வைசர் வழக்கம்போலப் பூ அறுக்கக் கூப்பிட, லட்சுமம்மாவும் கூட நாலு பெண்களும், பொண்ணோட மிஸ் சொல்லிக் கொடுத்தாங்களாம், பக்கத்துப் பிளாஸ்டிக் திரையைச் சுருட்டி விடுங்க, நெடி போகட்டும், அப்புறம் வர்றோம் என்று வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். என்ன பெரிய குற்றம்? எங்கள் பள்ளிக்கு புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தவர் அந்தத் தோட்டத்து முதலாளி. அதுதான் குற்றம்.

மறுநாள் அவர் ஹெட்மாஸ்டர் அறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னையும் மஞ்சுளாவையும் கூப்பிட்டார்கள். சிலபஸில் இல்லாததை ஏன் எடுக்கிறீர்கள் என்று ஹெட்மாஸ்டர் என்மேல் பாய்ந்தார். விரவுதல் சிலபஸில்தான் சார் இருக்கிறது என்றேன். மெமோ தருவேன் என்றார், தாராளமாகத் தாருங்கள் என்றேன். அதற்குமேல் என்னிடம் பேசிப் பயனில்லை என்று மஞ்சுளா பக்கம் திரும்பி, அது வெறும் கதைதான் என்று ஐயாவிடம் சொல்லச் சொன்னார்.

"கதைதான் சார்," என்றாள் அவள். "கதைல எல்லாருக்கும் மாஸ்க் இருக்கு."

பதினாலு வயசுப் பிள்ளை. குரல்கூட உயரவில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முதலாளி எழுந்து போனார்.

அன்று சாயந்திரமே லட்சுமம்மாவுக்கு வேலை போயிற்று. வேலை போனால் ஷெட்டும் போயிற்று. நான் விசாரித்துக்கொண்டு போய் நின்றபோது ஷெட்டில் வேறு குடும்பம் சமைத்துக்கொண்டிருந்தது. ஒரு டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டு ஜூஜுவாடி தாண்டி கர்நாடகா பக்கம் போய்விட்டார்களாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. டிசி வாங்கக்கூட ஒருவரும் வரவில்லை. டிசி இல்லாமல் அந்தப் பிள்ளை எங்கே போய்ப் படித்திருக்கும்? அந்த மனுஷன் மேடையில் கற்பனையைத் திறக்கிறாராம்.

இப்போது அந்தப் பாலிஹவுஸ்கள் இல்லை. பிளாட் போட்டுக் கல் நட்டு, கொடிகட்டி விற்கிறார்கள். நெடியும் போய்விட்டது. ஆனால் என் வகுப்பு அதற்கெல்லாம் முன்பே போய்விட்டது. மஞ்சுளா போன அடுத்த வெள்ளிக்கிழமை, விட்ட இடத்திலிருந்து சொல்லியே தீருவேன் என்று வீம்பாகத்தான் உள்ளே நுழைந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் அத்தனை பேரும் தாங்களாகவே பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள்.