என்னைக் கேட்காமல் நிரப்பிய பாரம்

எனக்குக் கோபம் வந்தால் மலாக்காவில் எங்கள் காஜா பெராங் தெருவுக்கே தெரியும். அதை ஒளித்துவைக்கும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் இந்த நாடு சுதந்திரம் வாங்கிய புதிதில், எனக்கு வந்திருப்பது கோபமே இல்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

என் கணவர் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர். ஒரு மத்தியானம் குடியுரிமைக்கான விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இரண்டையும் யாரையோ பிடித்து நிரப்பியே கொண்டுவந்துவிட்டார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“இந்தா, கையைத் தொடச்சிட்டு இதுல ஒரு கையெழுத்துப் போடு” என்றார்.

“போட மாட்டேன். நான் இந்தியாவுக்கே போறேன்.”

இந்தியாவில் எனக்கு யார் இருக்கிறார்கள்? மூன்று வயதில் கப்பலேறி வந்தவள் நான். வாய் சொல்லிவிட்டது. சொன்னதைக் காப்பாற்ற ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. அவர் தன் பாரத்தைப் பதிவு ஆபீசில் கொடுத்துவிட்டார்; என்னுடையது அலமாரியில் கிடந்தது. அந்த வாரத்தோடு கெடு முடிகிறது. விட்டுவிட்டால் புருஷனும் பிள்ளைகளும் இந்த நாட்டுக்காரர்கள், அவர்களுக்குச் சோறு போடுகிற நான் மட்டும் வெளியாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை.

அடுத்த வீட்டு அம்மாள் மலாக்கா செட்டி. எங்களைப் போலவே திருநீறு பூசுவார், பேச்சு மட்டும் மலாய். அவரிடம் போய், எனக்கு ‘மாரா’, கோபம், என்று பொரிந்து தள்ளினேன். அவர் என்னோடு வந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார். பேசாத புருஷனுக்காக மீன் தலையைத் தனியே எடுத்து மூடிவைத்திருந்தேன். அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இத்து மாரா புக்கான், அடிக். மெராஜுக்.”

அது கோபமில்லை தங்கச்சி, மெராஜுக். கோபக்காரிக்கு எதிராளி எக்கேடு கெட்டாலும் கவலையில்லை. மெராஜுக் வந்தவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், காது மட்டும் வாசலில் இருக்கும், வந்து சமாதானம் சொல்ல மாட்டானா என்று. தமிழில் ஊடல் என்பார்கள். நாலு பிள்ளை பெற்றவளிடம் அந்தச் சொல்லை எவர் சொல்வார்?

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. இந்த ஊர் வேண்டாமென்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவர் என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நானே வாயைத் திறந்தேன்.

“எனக்குக் கோபமில்ல. என்னை ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டு வந்தீங்க. அதான் வலிக்குது.”

அவர் விழித்தார். “இதுல கேக்க என்னா இருக்கு? நீயில்லாம நான் மட்டும் எந்த நாட்டுல இருந்து என்னா பண்ண?”

மனசு குளிர்ந்துதான் போனது. “அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல” என்றேன். அப்போதும் எனக்குச் சம்மதமா என்று கேட்கவில்லை, பாருங்கள்! மனிதர் அப்படி.

மறுநாள் காலையில் என் பாரத்தை எடுத்துக்கொண்டு இருவரும் பதிவு ஆபீசுக்குப் போனோம். மேசையிலிருந்த மலாய்க்காரர் பாரத்தை மேலும் கீழும் படித்தார். பிறகு என் கணவரை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“காக்காக் சென்டிரி மாவ்?”

அக்காவுக்கே விருப்பமா என்கிறார். என் கணவர் முந்திக்கொண்டு வாயைத் திறந்தார்.

“சும்மா இருங்க. என்னையத்தான் கேக்குறாரு.”

‘மாவ்’, விருப்பம்தான், என்று முதல் தடவை சொன்னது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.