நன்மைக்கு முன் தேத்தண்ணி

“உன்ரை கொப்பர் என்ரை வள்ளத்திலை தண்ணி இறைச்சவர். அவரின்ரை மகளின்ரை கையாலை நான் நன்மை எடுக்கிறதோ?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்து, மூச்சு வாங்கி வாங்கி, உண்மையாகவே சந்தேகம் கேட்பவர்போலக் கேட்டார். கழுத்தில் தொங்கிய சிறு சிமிழைக் கையால் பொத்தியபடி நான் கட்டிலடியில் நின்றேன். பூசையில் குருவானவர் ஒப்புக்கொடுத்த அப்பம் அதற்குள் இருந்தது. எங்களுக்கு அது ஆண்டவரின் உடல். நற்கருணை என்று நாங்கள் சொல்வதை மூத்தவர்கள் இன்னும் நன்மை என்றே சொல்வார்கள்.

நோயாளிகளின் வீடுகளுக்கு அதைக் கொண்டுபோக எங்கள் கோயில் பங்கில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. ஒருவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். மற்றவர் நான். மயிலிட்டியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் படித்து முடித்த முதல் ஆள் நான். இப்போது கோப்பாயில் படிப்பிக்கிறேன். பங்குத்தந்தை என் பெயரைக் கோயிலில் வாசித்த அன்று, முன்வாங்கிலில் இருந்த அப்பா திரும்பித் திரும்பிச் சனத்தைப் பார்த்தார். எனக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

கட்டிலில் கிடந்தவர் ஒருகாலத்துச் சம்மாட்டி; வள்ளமும் வலையும் வைத்துப் பலருக்குத் தொழில் கொடுத்தவர். போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்த வள்ளம் கரையிலேயே அழிந்துபோனது. நான் அப்போது பிறக்கவில்லை; பிறந்தது முகாமில்தான். முகாமில் அவர்களும் நாங்களும் ஒரே வரிசையில்தான் தண்ணீருக்கு நின்றோம். ஆனாலும் ஊர் திரும்பிய பிறகுகூட, அவரைக் கண்டால் அப்பா சைக்கிளை விட்டு இறங்குவார்.

முதல் ஞாயிறு அப்படிக் கேட்டவர், பிறகு வேறு வழி கண்டுபிடித்தார். என் சைக்கிள் படலையடிக்கு வரும் சத்தம் கேட்டதும் மருமகளிடம் தேத்தண்ணி கேட்பார். நான் உள்ளே போகும்போது கோப்பை வாயில் இருக்கும்.

“ஐயோ பிள்ளை, குடிச்சுப் போட்டன். இனி எப்பிடி எடுக்கிறது?”

“வருத்தக்காரருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை ஐயா. குடிச்சாலும் எடுக்கலாம்.”

“ஆர் சொன்னது?”

“திருச்சபைதான்.”

“எங்கடை காலத்திலை நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத்தண்ணியும் வாயிலை வைக்கேலாது. நீ சொல்லுறது வேறை ஏதோ சபை போலை.”

மருமகள் குசினி வாசலில் நின்று சிரிப்பை அடக்கினார். “மாமா, கிழமை நாளிலை தேத்தண்ணி தந்தால் தட்டி விடுறியள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உங்களுக்கு என்ன விடாய்?”

“நீ பேசாமல் இரு.”

நானும் சிரிப்பேன். படலையைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிடும். இருதய வருத்தம் அவருக்கு. தண்ணீர், தேத்தண்ணி எல்லாவற்றையும் குறைக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். கால் இரண்டும் வீங்கிக்கொண்டு வந்தன.

நன்மை கொண்டுபோகிறவர் வழியில் நின்று கதைப்பதில்லை. போகும்போது அது எனக்குச் சுகமாகவே இருக்கும். கோயிலில் தொடங்கிய வழிபாடு சைக்கிளிலும் தொடர்வதுபோல. அவர் மறுத்த நன்மையைத் திருப்பிக் கொண்டுவரும்போதுதான் ஒருவரையும் பாராமல் வேகமாக மிதிப்பேன். கோயிலில் வைத்துப் பூட்டும்வரை அது என் பொறுப்பு. ஒருநாள், கோயில் திறப்பு வைத்திருக்கும் அண்ணை துறைமுகப் பக்கம் போய்விட்டார். பூட்டிய கோயில் வாசலில், வெயிலில், சிமிழைப் பொத்திக்கொண்டு நின்றேன். பைக்குள் போன் அடித்தது, எடுக்கவில்லை. வெளியூரிலிருந்து மீன் வாங்க வரும் வியாபாரி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, “என்ன டீச்சர், தனிய நிக்கிறியள்?” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். “படிச்சாப் பிறகு வாயும் திறக்கினமில்லை,” என்று பின்னால் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு போனார்.

அங்கே நின்றபோதுதான் பயம் பிடித்தது. கண்மூட முன் நன்மை எடுக்காமல் போவதை எங்கள் சனம் எவ்வளவு பெரிய குறையாக நினைக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் குறை என்னால் வந்துவிடுமோ? அதன்பிறகு வகுப்பில் எழுதிக்கொண்டு நிற்கும்போது போன் அதிர்ந்தாலும், அவருடைய மருமகளோ என்று கை அப்படியே நின்றுவிடும்.

பங்குத்தந்தையிடம் சொன்னேன். மூன்று கோயில்களுக்கு அவர் ஒருவர்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டும். “ஆர் கொண்டு போனாலும் போறவர் ஆண்டவர்தான். நீர் விடாமல் போம். சம்மாட்டியார் இறங்கி வருவார்,” என்றார்.

இறங்கி வருவார். அந்தச் சொல் எனக்கு இனித்தது. இனித்தது என்பதே பிறகு என்னைக் குடைந்தது.

போன ஞாயிறு கோப்பையைப் பிடிக்க அவருக்குக் கைப்பலம் இல்லை. மருமகள் மறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே வாயில் வைத்துப் பருக்கினார். ஒரு மிடறு இறங்குவதற்குள் புரையேறியது. கண்ணால் தண்ணீர் வந்தது. இருமி முடித்து என்னைப் பார்த்தார்.

“நன்மை எடுக்க எனக்கு ஆசை இல்லையெண்டு நினையாதை பிள்ளை.”

“பின்னை ஏன் ஐயா?”

“மனசுக்கு ஏலாமல் கிடக்கு.”

அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் செபமாலை சொல்ல முழந்தாளிட்டால் என் வாய் மட்டும்தான் செபித்தது. மனம் அந்தக் கட்டிலடியில் நின்றது. நான் அங்கே போவது அவருடைய பசி ஆறவா, அவர் என் கைக்கு முன் வாயைத் திறப்பதைப் பார்க்கவா? அவர் நினைப்பது பிழை. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிழையைத் திருத்தி முடிக்கும்வரை அவருக்கு மூச்சு இருக்குமா?

சனிக்கிழமை பின்னேரம் அதிபரின் வீட்டுக்குப் போனேன்.

“என்ன பிள்ளை, அந்த வீடு உமக்குப் பாரமாப் போச்சோ?”

“எனக்கில்லை சேர். அவருக்கு. இனி அங்கை நீங்கள் போறியளோ?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தான் வென்றதாய் நினைப்பார்.”

“நினைக்கட்டும்.”

“நாளைக்கு இன்னொராளும் உம்மடை கையாலை எடுக்கமாட்டன் எண்டால்?”

“மற்ற வீடுகளுக்கு நான்தான் போவன் சேர்,” என்று மட்டும் சொன்னேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது. அவர் சிரித்து, “ஓம், நான் போறன்,” என்றார்.

இன்று காலை பூசை முடிந்து பங்குத்தந்தை சிமிழ்களில் நன்மை வைக்கும்போது, “சம்மாட்டியாருக்குரியதைச் சேரின்ரை சிமிழிலை வையுங்கோ பாதர்,” என்றேன். அவர் கை ஒரு கணம் நின்றது. நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் வைத்தார். அதிபர் அந்த வீட்டுப் பக்கம் நடந்தார். நான் என் சிமிழைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மற்ற ரோட்டால் சைக்கிளை மிதித்தேன்.