முட்டி வலி என்று வருகிறவர்கள்

பெண்களுக்கான கிளினிக்கில் லேசர் அறைத் தாதியாக இருப்பவளுக்கு, வந்தவர் முதலில் சொல்லும் நோயை நம்பாமலிருக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. என்னைப்போல் இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

முட்டி

இலங்கை மலையகத்தில் ஹட்டனில் உள்ள எங்கள் கிளினிக்குக்கு மாதவிலக்கு நின்ற பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். எதற்கு வந்தோம் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். புஷ்பம் அக்கா உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாதென்று பஸ் மாறி இவ்வளவு தூரம் வந்துவிட்டு, முட்டி வலி என்றார். நானும் கதவைச் சாத்திவிட்டு, முட்டியைப் பற்றியே பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் குரல் இறங்கியது.

"அவரு பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு மிஸ். அங்க அப்படி எரியுது. வேணாம்னு தள்ளிப் படுத்தேன். இப்ப அவரு என்கூட பேசுறதே இல்ல."

களிம்பு

எங்கள் டொக்டர் அம்மா மெஷினை உடனே தொடமாட்டார். மாதவிலக்கு நின்றபின் உடம்பு உள்ளே வறண்டுபோவது சகஜம், அதுதான் எரிச்சல் என்று விளக்கி, பூசிக்கொள்ள முதலில் ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். லேசர் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்த அக்காவுக்குச் சப்பென்று போய்விட்டது.

"இம்புட்டு தூரம் வந்தவளுக்கு ஒரு டியூப்புதானா மிஸ்?"

கண்ணாடி

சில மாதம் பூசியும் எரிச்சல் முழுதாக விடவில்லை. லேசர் செய்து பார்க்கலாம், ஆனால் எல்லோருக்கும் கைகொடுக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார் டொக்டர் அம்மா. அக்கா சம்மதித்தார். கட்டிலில் படுக்கவைத்து, கண்ணில் ஒளி படாமலிருக்கப் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். அக்கா சொன்னதைக் கேட்டு டொக்டர் அம்மாவுக்கு வந்த சிரிப்பு அடங்கும்வரை மெஷின் சும்மா நின்றது.

"வைத்தியம் கீழ. கண்ணாடி மேலயா மிஸ்?"

பெஞ்சு

லேசர் முடிந்தபின் சில நாள் கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டும். இதை யார் சொல்வது? அன்று அக்காவின் வீட்டுக்காரர் முத்தையா அண்ணனும் வந்து, முட்டி வைத்தியம் என்று நம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என் வாயால வராது, நீங்களே எல்லாத்தையும் சொல்லிருங்க" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

போய்ச் சொன்னேன். அண்ணன் தலை குனிந்தபடி கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சாராய வாடைதான் புடிக்கலன்னு நெனச்சேன் மிஸ். அதையும் விட்டுப் பார்த்தேன். அப்பவும் அவ திரும்பல. என்னய வெறுத்துட்டான்னே முடிவு பண்ணிட்டேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அக்கா மெதுவாக வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெறுக்கலங்க. வலிதான். அதுக்காக மறுபடி குடிக்கப் போயிராதீங்க."

அடுத்தடுத்த தவணைகளில் அக்காவின் எரிச்சல் நன்றாகவே குறைந்தது. அதை மெஷின் எவ்வளவு குறைத்தது, பெஞ்சு எவ்வளவு குறைத்தது என்று எங்களுக்குத் தெரியாவிட்டாலும், பெயர் வாங்கியது என்னவோ மெஷின்தான்.