துண்டுக்குள் சொன்ன பதில்

எங்கள் வீட்டுக் கொடியில் ஒரு பச்சைத் துண்டு தொங்குகிறது. எத்தனை முறை அலசினாலும் அதில் நாய் முடி ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் என் மனைவி அதை மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத்தான் துவைப்பாள். அது என் மச்சானின் துண்டு. அவர் அக்காவின் கணவர், மாட்டுத் தரகர். சந்தையில் விலையை நாலு பேர் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள். கைகளின் மேல் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். வாய் மழையைப் பற்றியோ ஊர்த் திருவிழாவைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். மச்சான் அப்படித்தான் காலம் முழுக்க அந்தத் துண்டுக்குள் பேசினார்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். கூடி நிற்கும் இடத்தில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எம் மாப்ள வாயத் தெறக்கணும்னா கலெக்டரு ஆர்டர் போடணும்யா" என்று டீக்கடையில் மச்சான் கேலி செய்வார். நான் சிரித்துக்கொண்டே கிளாசைக் கீழே வைப்பேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவள் தவறிப்போன பிறகு மச்சான் ஆத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி தூக்குவாளியில் கறிக்குழம்பு கொடுத்து அனுப்புவாள். போன வாரத்து வாளி கழுவிக் கவிழ்த்தபடி இருக்கும்; ஆனால் வாசலில் தெருநாய்கள் என்னைக் கண்டதும் வாலாட்டும். குழம்பு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஆள் வற்றிக்கொண்டே வந்தார். "அண்ணன நம்ம வீட்டுக்கே கூட்டியாந்துருங்க" என்று என் மனைவி ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவாள். எப்படிச் சொல்வது? பெண் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்குக் குறைச்சல். அக்கா இருந்தபோதுகூட எங்கள் வீட்டில் ஒரு காபியோடு எழுந்துவிடுவார். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிச் செம்பட்டி தாண்டும் வரை சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். தோப்பு வந்ததும் விழுங்கிவிடுவேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஆரம்பித்தார். "மாப்ள, ஒரு நாய் வாங்கணும். மயிரு அடந்த பெரிய நாயி."

எனக்குப் புரிந்தது. அக்கா நன்றாக இருந்த நாளில் மூவரும் வத்தலக்குண்டில் டீ குடிக்க நின்றோம். கொடைக்கானல் போகிற கார் ஒன்றிலிருந்து பெரிய நாய் ஒன்று தலையை நீட்டியது. அக்கா பயமில்லாமல் அதன் கழுத்தில் கையை விட்டாள். மணிக்கட்டு வரை முடிக்குள் மறைந்துவிட்டது. "வச்சா இப்படி ஒண்ணு வைக்கணும்" என்றாள். அவ்வளவுதான். கார் போய்விட்டது.

திண்டுக்கல் பைபாஸ் ஓரத்தில் ஒரு அம்மா வீட்டிலேயே நாய் வளர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு மச்சானைக் கூட்டிப்போனேன். அங்கே முடி அடர்ந்த பெரிய நாய்கள் இரண்டு வகை இருந்தன. ஒன்று செயின்ட் பெர்னார்டு. கன்றுக்குட்டியின் தலை அளவுக்குத் தலை, வடிகிற எச்சில், பார்த்தாலே சாதுவென்று தெரியும் கண்கள். இன்னொன்று நீளமுடி ஜெர்மன் ஷெப்பர்டு. காதை நிமிர்த்திக்கொண்டு எங்களைச் சுற்றி வந்தது. அக்கா தொட்டது எது? மச்சான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் இருவருக்குமே அந்த முடியும் அதற்குள் போன கையும் மட்டும்தான் ஞாபகம் இருந்தன.

மச்சான் பழக்கதோஷத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அவற்றின் குட்டிகளின் வாயைத் திறந்து பல் பார்த்தார். பிறகு மாட்டுக்கு ராசி பார்ப்பதுபோல் முதுகு முடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். "இம்புட்டு மயிருக்குள்ள சுழிய எங்கிட்டுப் போயித் தேடுறது?" என்றார்.

"ஐயா, மாட்டுக்குத்தான் சுழி பாப்பாக" என்று அந்த அம்மா சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு மச்சானும் லேசாகச் சிரித்தார்.

கடைசியில் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு என் பக்கம் நீட்டினார். "ஒரு வெரலுன்னா பெரிய தலைக்காரன். ரெண்டுன்னா மத்தது" என்று என் காதில் சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடம் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இரண்டு விரலைப் பிடிக்கத்தான் கையை உள்ளே விட்டேன். முரட்டுக் காளையை மூக்கணாங்கயிற்றில் ஒரே பிடியில் நிறுத்திய கை அது. இப்போது வெறும் எலும்பாக இருந்தது. விரல் கணக்கு மறந்துபோயிற்று. ஐந்து விரலையும் சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

மழைப் பேச்சு பாதியில் நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதச் சொல்லத்தான் வாராவாரம் வாளியத் தூக்கிட்டு வந்தியாக்கும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் தலையாட்டினேன். துண்டுக்குள் அவர் கை என் கையை ஒரு முறை அழுத்தியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த அம்மாவிடம் கேட்டார்:

"ஏம்மா, எங்க வீடு டவுனுக்குள்ள. இடம் கம்மி. பள்ளிக்கூடம் போற பிள்ளைக ரெண்டு இருக்குதுக. அதுக்கு எதும்மா ஒத்து வரும்?"

அந்த டவுன் வீடு என் வீடு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என் பிள்ளைகள்.

அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார். பெர்னார்டு தங்கமான நாய், ஆனால் பனிப்பிரதேசத்து உடம்பு, ஏசி இல்லாமல் இந்த ஊர் வெயிலில் தவித்துப்போகும். ஷெப்பர்டுக்கும் வெயில் கஷ்டம்தான், ஆனால் நிழலும் தண்ணீரும் இருந்தால் சமாளிக்கும். காலையும் மாலையும் ஒருவர் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். முடி இரண்டிலுமே கொட்டும். "நடக்க நான் இருக்கேன்" என்றார் மச்சான்.

ஷெப்பர்டு குட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்தவர், சொன்னபடி நடந்தார். தினமும் வாசற்படியில் உட்கார்ந்து சீப்புப் போட்டார். "அண்ணே, சோத்துல முடி கெடக்கு" என்று என் மனைவி சலித்துக்கொண்டால், "தொட்டுக்க வெஞ்சனம் இல்லேன்னியே தாயி, இத வச்சுக்கிர்றேன்" என்பார். குழம்பை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

எட்டு வருடம் கழித்து, போன மார்கழியில், எங்கள் வீட்டில்தான், மச்சான் போய்விட்டார். வெயில் ஏறும் மதியங்களில் அந்தத் துண்டைக் கொடியிலிருந்து எடுத்து நனைத்துப் பிழிந்து சிமெண்டுத் தரையில் விரிக்கிறேன். நாய் வந்து அதன்மேல் படுத்துக்கொள்கிறது. அதற்கும் மூக்கோரம் நரைத்துவிட்டது. அக்கா தொட்டது இந்த வகைதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்து முடிக்குள் கையை விடுகிறேன். மணிக்கட்டு வரை மறைந்துவிடுகிறது. உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது. அங்கே வைத்து ஐந்து விரலையும் மெல்ல மடக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.